அரசியின் அடக்கம்: நைல் கரையும் படுவான்கரையும்

(மட்டக்களப்பில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பமிட்ட வடிவம். மேடையில் சொன்ன கிளைக்கதைகள் சில இங்கே குறைக்கப்பட்டுள்ளன.)



மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளுக்கும் பெயர் வைத்தவர்கள் பொழுதைப் பார்த்து வைத்தார்கள். பொழுது எழும் பக்கம் எழுவான்கரை. பொழுது படும் பக்கம் படுவான்கரை. நீரின் நீளம் ஏறத்தாழ 56 கிலோமீற்றர். அதன் எந்த இடத்தில் நின்றாலும் திசை தப்பாது.

இதே கணக்கைப் போட்ட இன்னொரு சமூகம் நைல் ஆற்றங்கரையில் இருந்தது. பண்டை எகிப்தியருக்குக் கிழக்குக் கரை உயிரோடு இருப்பவர்களுடையது, மேற்குக் கரை இறந்தவர்களுடையது. கீஸாவின் பிரமிடுகள், அரசர் பள்ளத்தாக்கு, அரசியர் பள்ளத்தாக்கு யாவும் ஆற்றுக்கு மேற்கே உள்ளன. செத்தவர்களை அவர்கள் மேற்குத் திசையார் என்றே சொன்னார்கள். ஒசிரிஸ் என்னும் தெய்வமே அந்த மேற்குத் திசையாரின் தலைவன்.

நம்முடைய படுவான்கரையில் இருப்பவை வயலும் குளமும் கோயிலும். அங்கே ஓர் அரசி இன்னும் பேசப்படுகிறாள். ஆனால் இதுதான் அவளுடைய கல்லறை என்று காட்ட ஓர் இடம் இல்லை. நைலின் மேற்குக் கரையிலோ ஓர் அரசிக்குக் கல்லறையும் இருந்தது, பதப்படுத்திய உடலும் இருந்தது, மூன்றரை மீற்றருக்கு மேல் உயரமான பெட்டியும் இருந்தது. இந்த இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்துப் பார்ப்பதுதான் இன்றைய வேலை.

சொல்ல வந்த கருத்து ஒன்றே ஒன்று. இறந்த அரசியைக் காப்பாற்றுகிறவர்கள், அவள் பெயரால் ஏதோ ஒரு பங்கு பெறுகிறவர்கள்தான். பங்கு என்றால் அப்பமாகவும் இருக்கலாம், காணியாகவும் இருக்கலாம், கோயிலில் ஒரு வெற்றிலைத் தட்டமாகவும் இருக்கலாம். அந்தப் பங்கு நின்றுபோன நாளில் கல் கைவிடுகிறது. ஒருவர் பெயரால் முதல் வைத்து, அதன் வட்டியில் ஆண்டுதோறும் ஒரு பேச்சு நடத்தும் இந்த மண்டபத்தில் இதைச் சொல்வது பொருத்தம் என்றே படுகிறது.

1. அம்மம்மாவுக்காக ஒரு பேச்சு

கி.மு. 1550 வாக்கில், எகிப்தின் வடபகுதியைப் பிடித்திருந்த ஹிக்சோஸ் ஆட்சியைத் துரத்தி நாட்டை ஒன்றாக்கியவன் அஹ்மோஸ். பதினெட்டாம் அரச மரபு அவனிலிருந்து தொடங்குகிறது. அவன் மனைவி அஹ்மோஸ்-நெஃபெர்த்தாரி, அவனுடைய உடன்பிறந்தவளும் கூட. நைலின் மேற்குக் கரை அரசி என்று சொன்னது இவளைத்தான். (வண்ண ஓவியக் கல்லறையால் உலகப் புகழ் பெற்ற நெஃபெர்த்தாரி வேறு. அவள் இரண்டாம் ராம்சேஸின் மனைவி, இவளுக்கு இரண்டரை நூற்றாண்டுக்கு மேல் பிந்தியவள்.)

அபிடோஸ் என்னும் ஊரில் கிடைத்த ஒரு கல்வெட்டு, இந்தக் கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பதாகத் தொடங்குகிறது. பேச்சு போரைப் பற்றியது இல்லை. அவர்களுடைய பாட்டி தெத்திஷெரியைப் பற்றியது. தன் தாயின் தாய், தன் தந்தையின் தாய் என்று அரசன் அவளைச் சொல்கிறான். பெற்றோரும் உடன்பிறந்தவர்களே ஆதலால் அம்மம்மாவும் அப்பம்மாவும் ஒருத்திதான். அவள் அரச குலத்தில் பிறந்தவளும் அல்லள். அவளுக்குத் தீப்ஸில் ஒரு கல்லறையும் அபிடோஸில் ஒரு நினைவிடமும் ஏற்கெனவே இருக்கின்றன. இருந்தும் அரசனுக்குத் திருப்தி இல்லை. அபிடோஸில் பிரமிடும் கோயிலும் எழுப்ப வேண்டும், ஏரி வெட்ட வேண்டும், மரம் நட வேண்டும் என்கிறான். அதோடு நிற்கவில்லை. படையல் அப்பம் நிலைபெற வேண்டும், அதற்கு நிலம், மாடு, ஆட்கள், பூசகர்கள் எல்லாம் எழுதி வைக்க வேண்டும், ஒவ்வொருவருக்கும் தன் கடமை தெரிந்திருக்க வேண்டும் என்கிறான்.

கட்டடத்துக்கு இணையாகக் கட்டளையும் அங்கே பேசப்படுவதைக் கவனியுங்கள். எகிப்தியர் நம்பிக்கைப்படி இறந்தவரின் ‘கா’ என்னும் உயிர்ப்பு தொடர்ந்து உண்ண வேண்டும். அப்பமும் பியரும் தவறாமல் வர வேண்டும். பிள்ளைகள் மறந்துவிடுவார்கள் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அதனால் ‘கா’வுக்கு ஊழியம் செய்யப் பூசகர்களை நியமித்து, அவர்களுக்கு நில வருமானம் எழுதி வைத்தார்கள். அஸ்யூத் என்ற ஊரின் ஆளுநர் ஒருவர், இந்த அரசிக்கும் சில நூற்றாண்டுகள் முந்தியவர், பூசகர்களோடு செய்த பத்து ஒப்பந்தங்களையும் தன் கல்லறைச் சுவரிலேயே வெட்டி வைத்தார். எந்தத் திருநாளில் எத்தனை அப்பம், விளக்குக்குத் திரி யார் தர வேண்டும், அதற்குப் பதிலாக அவர்களுக்கு என்ன கிடைக்கும் என்று வரி வரியாக இருக்கிறது. சாகப் போகிறவர் வழக்கறிஞரின் மூளையோடு உட்கார்ந்திருக்கிறார்.

அஹ்மோஸ்-நெஃபெர்த்தாரிக்கும் இந்த மூளை இருந்தது. கர்னாக் கோயிலில் கிடைத்த இன்னொரு கல்வெட்டு, அமுன் தேவனின் இரண்டாம் பூசகர் பதவியையொட்டி அவள் பெயரில் நடந்த உடன்படிக்கையைப் பதிவு செய்கிறது. சாட்சிகள் முன்னிலையில், அவளுக்கும் அவள் வழிவந்தவர்களுக்கும் உரியதென, பின்வரும் எவரும் கேள்வி கேட்கக் கூடாதென எழுதப்பட்டது. அரசனின் பட்டத்து மனைவி என்ற பட்டத்தைவிட ‘தேவனின் மனைவி’ என்ற பட்டத்தையே அவள் அதிகம் பயன்படுத்தினாள். முதல் பட்டம் கணவனோடு போய்விடும். இரண்டாவதில் கோயில் சொத்தும் ஆட்பலமும் இருந்தன.

2. கல்லறை கட்டியவர்களின் ஊர்

கணவன் இறந்தான். மகன் முதலாம் அமென்ஹொதெப் இளவயதில் அரசனானபோது தாய் பக்கத்தில் இருந்தாள். மகனும் இறந்த பிறகு, முதலாம் துத்மோஸ் காலத்தில்தான் அவள் கண்மூடினாள். நீண்ட ஆயுள்.

அவள் கதையின் சுவையான பகுதி அதன் பிறகுதான் தொடங்குகிறது.

அரசர் பள்ளத்தாக்குக்குப் பக்கத்தில் டெய்ர் எல்-மதீனா என்று இன்று அழைக்கப்படும் சிற்றூர் ஒன்று. அரச கல்லறைகளைக் குடைந்து வண்ணம் தீட்டிய தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே குடியிருந்தார்கள். அவர்கள் சுண்ணக்கல் சில்லுகளிலும் பானை ஓடுகளிலும் எழுதி எறிந்த குறிப்புகள் ஆயிரக்கணக்கில் கிடைத்துள்ளன. யார் வேலைக்கு வரவில்லை, யார் யாரிடம் கழுதை வாங்கி விலை கொடுக்கவில்லை என்பதெல்லாம் இன்று நமக்குத் தெரியும். நௌநக்தே என்னும் பெண் அங்கே எழுதி வைத்த மரண சாசனமும் கிடைத்திருக்கிறது. எட்டுப் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன், முதுமையில் கைகொடுத்தவர்களுக்கு என் பங்கு, கொடுக்காதவர்களுக்கு இல்லை என்று சாட்சிகள் முன் சொல்லிவிட்டாள். சீதன வீடு பெண்ணின் பெயரில் இருக்கும் மட்டக்களப்பில் இதற்கு விளக்கம் தேவையில்லை.

இந்த ஊரார் அஹ்மோஸ்-நெஃபெர்த்தாரியையும் அவள் மகனையும் தங்கள் காவல் தெய்வங்களாக வைத்துக்கொண்டார்கள். தங்கள் ஊரை நிறுவியவர்கள் இவர்களே என்பது அவர்கள் எண்ணம். வீட்டுச் சுவரிலும் கல்லறைச் சுவரிலும் அவளை வரைந்தார்கள். பல படங்களில் அவள் நிறம் கறுப்பு. நைலின் வண்டல் மண்ணின் நிறம், விளைச்சலின் நிறம், மீண்டும் பிறத்தலின் நிறம் அது என்று ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள். அமென்ஹொதெப்பின் சிலையைத் தோளில் தூக்கி ஊர்வலம் வருவார்கள். வீட்டுத் தகராறு, களவு வழக்கு எல்லாம் அந்தச் சிலையின் முன் வைக்கப்படும். சிலை முன்னால் நகர்ந்தால் ஆம், பின்னால் போனால் இல்லை. தோள் கொடுத்தவர்களும் அதே ஊர்க்காரர்கள்தான் என்பதைப் பற்றி யாரும் முறையிட்டதாகத் தெரியவில்லை.

ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் இது நடந்தது. பதினெட்டாம் மரபு போய், பத்தொன்பதாவது போய், இருபதாவதும் முடியும் வரை. இந்த ஊராருக்கு அவளால் கிடைத்தது கூலி அல்ல. ஊர் என்ற அடையாளமும், தங்கள் வழக்கைத் தாங்களே தீர்க்கும் அதிகாரமும் அவர்களுக்கு அவளிடமிருந்தும் அவள் மகனிடமிருந்தும் வந்தன. ‘கா’ பூசகருக்கு எழுதி வைத்த நிலத்தைவிட இது உறுதியான பங்காக இருந்தது.

3. பெட்டிக்குள் யார்?

இருபதாம் மரபின் முடிவில், கி.மு. 1070 வாக்கில், அந்த ஊர் கைவிடப்பட்டது. கூலித் தானியம் வருவது ஒழுங்கற்றுப் போயிருந்தது. பாலைவனத்துக் கொள்ளையர் பயம் வேறு. கல்லறை கட்டியவர்களில் சிலரே கல்லறையை உடைத்துத் திருடி, விசாரணைக்கு நிறுத்தப்பட்டதைப் பாப்பிரஸ் ஏடுகள் சொல்கின்றன. வாசல் எங்கே என்று அவர்களுக்குத்தானே தெரியும்.

அடுத்து நடந்தது என்ன? அமுன் கோயில் பூசகர்கள் அரச உடல்களை எடுத்து, மறுபடி துணி சுற்றி, டெய்ர் எல்-பஹ்ரியின் குன்றுக்குள் ஓர் ஆழமான குழியில் ஒளித்து வைத்தார்கள். நானூறு ஆண்டுகள் வழிபாடு கண்ட அரசி, ஊர் கலைந்த பின் வந்த தலைமுறைகளிலேயே இடம்பெயர்ந்த ஒருத்தியாகிவிட்டாள். அவளுடைய மாபெரும் பெட்டி 1881இல் கெய்ரோவிலிருந்து வந்த எமில் புருக்ஷின் கண்ணில் பட்டது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே அந்தக் குழியை அப்து எல்-ரசூல் குடும்பத்தார் கண்டுபிடித்து, பொருள்களை ஒவ்வொன்றாக விற்றுக்கொண்டிருந்தார்கள். அவளுடைய பெட்டிக்குள் மூன்றாம் ராம்சேஸின் உடலும் இருந்தது. அவளுக்கும் அவனுக்கும் இடையே முந்நூறு ஆண்டுகளுக்கு மேல். இறந்த பிறகு துணை வந்த விருந்தாளி.

அவளுடையது என்று கருதப்படும் உடல் ஒரு மூதாட்டியின் உடல். தலையில் முடி குறைந்திருந்ததால், வேறு மனிதக் கூந்தலைப் பின்னி இணைத்திருந்தார்கள். உடலைப் பதப்படுத்தியவர்கள் செய்த இந்தச் சின்னக் கரிசனம், பிரமிடுகளைவிட நெருக்கமாக இருக்கிறது.

அரச உடல்களை ஏற்றிய கப்பல் நைலில் வடக்கே போனபோது, இரு கரைகளிலும் கிராமத்துப் பெண்கள் கூந்தலை அவிழ்த்துவிட்டு ஒப்பாரி வைத்துக்கொண்டு ஓடினார்கள், ஆண்கள் துப்பாக்கியால் வானத்தை நோக்கிச் சுட்டார்கள் என்று எகிப்தியலாளர் மாஸ்பெரோ எழுதினார். மூவாயிரம் ஆண்டுகள் கழித்து, மொழியும் சமயமும் மாறிய மக்கள், சாவு வீட்டு முறையை மறக்கவில்லை. கெய்ரோ வாசலில் சுங்க அதிகாரிக்கு மம்மியை எந்த இனத்தில் சேர்ப்பது என்று தெரியாமல், கருவாட்டுக்குரிய வரியைப் போட்டார் என்றும் ஒரு கதை உண்டு. கதைதான். வாவிக்கரைக்காரர்கள் சிரிப்பதற்காகச் சொன்னேன்.

கல்லையும் பெட்டியையும் மட்டும் நம்பியதால் வந்த இன்னொரு விளைவையும் பார்த்துவிட்டுப் போகலாம். கீஸாவில் பெரிய பிரமிடு கட்டிய கூஃபுவின் தாய் ஹெத்தெப்ஹெரஸ். 1925இல் அமெரிக்கர் ரைஸ்னரின் குழுவில் இருந்த எகிப்தியப் புகைப்படக்காரரின் முக்காலி ஒரு சாந்துப் பூச்சில் இறங்கியது. அதன் கீழே சுமார் 27 மீற்றர் ஆழக் குழி. அதன் அடியில் பொன் தகடு வேய்ந்த கட்டில், நாற்காலி, பல்லக்கு, வெள்ளி வளையல்கள். மூடி திறக்கப்படாத கல் பெட்டி. இரண்டு ஆண்டுகள் பொறுமையாகப் பொருள்களை எடுத்த பின், 1927 மார்ச்சில் பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே ஒன்றுமில்லை. முதல் கல்லறை கொள்ளை போய், வெறும் பெட்டியை மகனுக்குத் தெரியாமல் மறுபடி புதைத்திருப்பார்கள் என்றார் ரைஸ்னர். உடலை வேறு பிரமிடுக்கு மாற்றியிருக்கலாம் என்றார் பின்னாளில் தொல்லியலாளர் மார்க் லேனர். எப்படியோ, பல்லக்கு இருக்கிறது, அதில் ஏறியவள் இல்லை.

4. பள்ளிப்படையும் தண்ணீர்ப் பந்தலும்

நைலுக்கும் வாவிக்கும் நடுவில் காவிரிக்கரை. சோழர்கள் இறந்த அரசருக்கு எழுப்பிய கோயிலுக்குப் பள்ளிப்படை என்று பெயர். முதலாம் ஆதித்தனுக்குத் தொண்டைமான் ஆற்றூரில் பராந்தகனும், அரிஞ்சயனுக்கு மேற்பாடியில் முதலாம் ராஜராஜனும் கட்டினார்கள். அரசிக்கென்று எழுந்த பள்ளிப்படை பழையாறைப் பக்கம், பட்டீஸ்வரத்தருகே உள்ளது. ராஜராஜனின் தேவியருள் ஒருத்தியான பஞ்சவன் மாதேவிக்காக, அவளுக்கு மகன் முறையான முதலாம் ராஜேந்திரன் 1019 வாக்கில் எழுப்பியது அது. பெற்ற தாய்க்கு அல்ல, சிற்றன்னைக்கு. தஞ்சைப் பெரிய கோயிலுக்குச் செப்புத் திருமேனிகள் செய்தளித்த அரசியருள் அவளும் ஒருத்தி.

கல்வெட்டு அதைப் பஞ்சவன் மாதேவீச்சரம் என்கிறது. பிற்காலத்தில் ஊரார் ராமநாதர் கோயில் என்றார்கள். சோழர் போனார்கள், கொடைகள் போயின, பெயரும் போயிற்று. கல் அங்கேயே இருந்தது, கல்வெட்டு சுவரிலேயே இருந்தது, படிக்க ஆள் இல்லை. சென்ற நூற்றாண்டில் கல்வெட்டுத் துறையினர் மைப்படி எடுத்துப் படித்த பிறகுதான் அரசி தன் பெயருக்குத் திரும்பினாள்.

ராஜேந்திரன் 1044இல் இறந்தபோது அவன் தேவி வீரமாதேவி உடன் உயிர் துறந்தாள். செய்யாறு அருகே பிரம்மதேசத்தில் உள்ள கல்வெட்டின்படி, அவளுடைய உடன்பிறந்தவன் அங்கே ஒரு தண்ணீர்ப் பந்தலுக்குக் கொடை வைத்தான். இறந்தவர்களின் தாகம் தீர வேண்டும் என்பதே நோக்கம். நெருப்பில் போன அக்காளுக்கோ தங்கைக்கோ ஒரு சகோதரன் நினைத்துப் பார்த்தது தண்ணீரை. எத்தனையோ கோபுரம் பார்த்தவர்களுக்கும் இந்தப் பந்தல் மறக்காது. தேர்த் திருவிழாவுக்கு நடந்து போகிறவர்களுக்கு வழியெல்லாம் தாகசாந்தி வைக்கிற ஊர் இது. அந்தச் சகோதரனை நமக்குப் புரியும்.

நமக்குப் பக்கத்திலும் ஒரு சோழ அரசியின் பெயர் கல்லில் இருக்கிறது. மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கு ரயிலில் போகிறவர்கள் பொலன்னறுவையைக் கடக்கிறார்கள். அங்கே இரண்டாம் சிவ தேவாலயம் என்று பலகை எழுதியிருக்கும் சிறிய கற்கோயில்தான் சாசனங்கள் சொல்லும் வானவன் மாதேவி ஈச்சரம். பலகையில் இலக்கம், சாசனத்தில் அரசி.

5. பெட்டியில் வந்தவர்கள்

எகிப்திய அரசி பெட்டியில் போகிறாள். கிழக்கிலங்கையின் கதைகளிலோ அரசி பெட்டியில் வருகிறாள்.

கோணேசர் கோயிலோடும் கந்தளாய்க் குளத்தோடும் பேசப்படும் குளக்கோட்டனின் தேவி ஆடகசவுந்தரி, குழந்தையாகப் பெட்டியில் வைத்துக் கடலில் விடப்பட்டவள். கரையேறி, உன்னாசகிரியில் இருந்து ஆண்டாள். சிங்கள மரபின் விகாரமகாதேவியும், களனியைக் கடல் விழுங்கியபோது தந்தையால் கலத்தில் ஏற்றி அனுப்பப்பட்டவள். அவள் கரையேறிய இடம் கிரிந்தை என்பாரும் உண்டு, பொத்துவில் என்பாரும் உண்டு. எகிப்தில் ஒசிரிஸை ஒரு பெட்டியில் அடைத்து நைலில் விட்டான் அவன் தம்பி. அது கடல் கடந்து பிப்லோஸில் ஒதுங்கிற்று. மனைவி ஐசிஸ் தேடிப் போனாள். அங்கே மிதக்கும் பெட்டி சாவு, இங்கே மிதக்கும் பெட்டி பிறப்பு.

ஒப்பிட்டுப் பார்க்க இனிப்பான விஷயம்தான். ஆனால் ஒன்றிலிருந்து ஒன்று வந்தது என்று சொல்லிவிடக் கூடாது. கர்ணனும் மோசேயும்கூடப் பெட்டியில் வந்தவர்கள். நீர்க்கரையில் வாழும் மக்கள் எல்லோருக்கும் ஒதுங்கி வரும் பொருளைப் பற்றி ஒரு கதை இருக்கும்.

6. கூந்தலில் வந்தது, குடியில் நின்றது

இப்போது நம் அரசி.

எஃப். எக்ஸ். சி. நடராசா 1962இல் பதிப்பித்த ‘மட்டக்களப்பு மான்மியம்’ உலகநாச்சியின் கதையைச் சொல்கிறது. கலிங்க தேசத்துக் குகசேனனின் மகள் அவள். புத்தரின் தசனத்தை, அதாவது பல்லை, கூந்தலில் மறைத்துக்கொண்டு, ஒரு சிவலிங்கத்துடனும் தன் சகோதரன் உலகநாதனுடனும் இலங்கைக்கு வருகிறாள். தசனத்தை அரசன் மேகவண்ணனிடம் கொடுக்கிறாள். என்ன வேண்டும் என்று கேட்டபோது அவள் கேட்டது பொன் இல்லை, பூமி. அவளுக்குக் கிடைத்தது மண்முனை. காடு வெட்டுவித்து, கலிங்கத்திலிருந்து குகக் குடும்பங்களை வருவித்துக் குடியேற்றி, கோயில் எடுத்து ஆள்கிறாள். பிறகு ஒருநாள் படுவான்கரைக் காட்டில் வேடன் ஒருவன் கொக்கட்டி மரத்தை வெட்ட, மரத்திலிருந்து இரத்தம் பெருகுகிறது. அங்கே தானாய்த் தோன்றிய லிங்கத்துக்குத்தான் கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் கோயில்.

தசனம் கூந்தலில் வந்த கதை பாளி மரபிலும் இருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் தம்மகித்தி எழுதிய தாதாவம்சத்தில், கலிங்க மன்னன் குகசிவனின் மகள் ஹேமமாலா கூந்தலில் மறைத்துக் கொண்டு வந்து மேகவண்ணன் காலத்தில் சேர்க்கிறாள். அங்கே அவளோடு வருபவன் கணவன். மட்டக்களப்புக் கதையில் வருபவன் சகோதரன்.

இந்த ஒரு மாற்றத்தை ஏட்டுப் பிழையாகக் கடந்துபோக முடியாது. மட்டக்களப்பில் குடி தாய்வழியாக இறங்குகிறது. பிள்ளை தாயின் குடி. ஒரு வயிற்றிலிருந்து கிளைத்தவர்கள் வயிற்றுவார். காணியும் கோயில் பதவியும் ஒரு காலத்தில் மாமனிடமிருந்து மருமகனுக்கு, அதாவது சகோதரியின் மகனுக்குப் போயின. கிறிஸ்ரோபர் பிரிட்டோ 1876இல் ஆங்கிலத்தில் தொகுத்த, முக்குவர் என்னும் சமூகத்தாரின் சட்டத்தில் இதன் எச்சங்களைப் பார்க்கலாம். அப்படிப்பட்ட நாட்டில் ஓர் அரசியைக் கணவனோடு கரையிறக்கினால் அவள் குடி எங்கே தொடங்கும்? பெண்ணும் அவள் உடன்பிறந்தவனும் வந்தால்தான் ஒரு குடி தொடங்க முடியும். பெண் வயிறு கொடுப்பாள், சகோதரன் பதவி ஏற்பான், அவள் மகன் அதை வாங்குவான். கேட்டவர்களின் சமூகம் கதையைத் தன் கணக்குக்குத் திருத்திக்கொண்டது.

வரலாற்று மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மேகவண்ணன் நான்காம் நூற்றாண்டு. மான்மியத்தின் மொழியும் அமைப்பும் அவ்வளவு பழையன அல்ல. 1215இல் கலிங்க மாகன் (மாகோன்) பொலன்னறுவையைப் பிடித்த காலத்தையும், மாகோன் வகுத்த வன்னிமை என்று மான்மியமே பேசும் ஏற்பாட்டையும் மனத்தில் வைத்துத்தான் இந்தக் கலிங்கப் பெருமையைப் படிக்க வேண்டும். நான்காம் நூற்றாண்டில் உலகநாச்சி என்ற பெண் ஆண்டாள் என்பதற்குக் கல்வெட்டுச் சான்று காட்ட முடியாது. இந்த உரை அவளை நிரூபிக்க வரவில்லை. அவளை யார், எதற்காக வைத்திருக்கிறார்கள் என்று கேட்க வந்தது.

விடை கொக்கட்டிச்சோலையில் இருக்கிறது. திருவிழாவின் பூசை முறைகள் குடிகளுக்குப் பங்கிடப்பட்டவை. உலகிப்போடி குடி, காலிங்கா குடி, படையாண்ட குடி என்று குடிப் பெயர்கள் அங்கே மரியாதைக்கு உரியவை. கோயில் நிர்வாகியான வண்ணக்கர் பதவி குடிக்குரியது. பூசை முடிந்து காளாஞ்சி கொடுக்கும்போது யார் முதல், யார் பின் என்ற வரிசை உண்டு. குடுக்கை கூறும் வழக்கில் அந்த வரிசை சபையறியச் சொல்லப்படுகிறது. தட்டில் இருப்பது வெற்றிலை பாக்குத்தான். அதன் விலையைச் சந்தையில் கேட்டால் ஒன்றும் இல்லை. வரிசை பிசகினால் கிராமமே எழுந்து நிற்கும்.

இந்த உரிமைகள் எல்லாம் எங்கிருந்து வந்தன என்று கேட்டால், பதில் கடைசியில் உலகநாச்சியிடமும் மாகோனிடமும் போய் நிற்கிறது. அவளை மறந்தால் தன் காளாஞ்சிக்குத் தானே நியாயம் சொல்ல முடியாது. அஸ்யூத் ஆளுநர் சுவர் நிறைய ஒப்பந்தம் எழுதியும் சாதிக்காததை இது சாதித்திருக்கிறது. காரணம் எளிது. ‘கா’ பூசகருக்குக் கூலி நின்றதும் கடமை நின்றது. இங்கே கடமையே மரியாதையாக இருப்பதால், செலவு தன்னுடையது ஆனாலும் குடி அதை விட்டுக்கொடுப்பதில்லை.

இதில் எல்லாமே அழகு என்று சொல்ல வரவில்லை. பங்கு உள்ள இடத்தில் பங்கு இல்லாதவர் என்று ஒரு கூட்டமும் இருக்கும். வரிசையில் முதல் நிற்பவர் இருந்தால் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவரும் இருந்திருக்கிறார். மான்மியமே குகக் குடும்பங்களோடு ஊழியம் செய்யச் சிறைக் குடும்பங்களும் கொண்டுவரப்பட்டதாகச் சொல்கிறது. அவர்களுடைய வழியில் இந்த அரசி எப்படி நினைக்கப்படுகிறாள் என்பதை மான்மியத்தை மட்டும் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. முதுமைக்காக எட்டுப் பிள்ளைகளில் சிலரைக் கழித்த நௌநக்தேயைப் போலவே, நினைவும் சிலரைக் கழித்துத்தான் சொத்தாகிறது.

7. இரண்டு ஊர்வலங்கள்

2021 ஏப்ரல் 3ஆம் நாள் இரவு, கெய்ரோவின் பழைய அருங்காட்சியகத்திலிருந்து 22 அரச உடல்கள் புதிய அருங்காட்சியகத்துக்கு ஊர்வலமாகப் போயின. பதினெட்டு அரசர், நான்கு அரசியர். அஹ்மோஸ்-நெஃபெர்த்தாரியும் அவர்களுள் ஒருத்தி. ஒவ்வொருவருக்கும் தனி வண்டி, வண்டியில் பெயர், பீரங்கி மரியாதை, பல நாட்டுத் தொலைக்காட்சிகள். இது அவளுக்கு எத்தனையாவது இடமாற்றம் என்று எண்ணிச் சொல்வது கடினம். இந்தத் தடவை அவளைத் தூக்கிச் சென்ற அரசுக்கும் ஒரு பங்கு இருந்தது. சுற்றுலா வருமானமும் தேசப் பெருமையும் இன்றைய காலத்தின் அப்பமும் பியரும்தான்.

கொக்கட்டிச்சோலைத் தேருக்கு எழுவான்கரையிலிருந்து சனம் வாவியைத் தாண்டி வரும். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை பாதையில் ஏறித்தான் போக வேண்டியிருந்தது. ‘பாதை’ என்றால் வீதி என்று நினைக்கும் வெளியூர் மாணவர்களுக்காக ஒரு குறிப்பு: இங்கே அது நீரில் போகும் தட்டையான ஓடம். சைக்கிளும் மாடும் மனிதரும் ஒரே தட்டில் ஏறி, அரசி கேட்டு வாங்கிய மண்முனைத் துறையைக் கடந்தார்கள். போர்க்காலத்தில் இதே நீர் இரண்டு அதிகாரங்களுக்கு நடுவில் எல்லைக்கோடாகவும் கிடந்தது.

அந்தத் தேர்வடத்தைப் பிடிக்கும் குடிகள் பெண்வழியில் இறங்கியவை. ஆனால் கோயில் புத்தகங்களில் கையெழுத்துகள் வண்ணக்கர்களுடையவை, ஆண்களுடையவை. டெய்ர் எல்-மதீனாவில் யார் மகள் யார், யாருக்கு எந்த வீடு என்பதை உடைந்த பானை ஓட்டிலிருந்து சொல்ல முடிகிறது. இங்கே ஒரு குடியின் வயிற்றுவாரைப் பெண் பெயர்களால் எழுதிய பட்டியல் அச்சில் வர வேண்டிய வேலையாகக் கிடக்கிறது.

அதனால் இந்த மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும் மாணவர்களுக்கு ஒரு வீட்டு வேலை. தாய்க்காகச் சித்திரைப் பௌர்ணமி நோன்பு இருக்கும் நாளில், உங்கள் அம்மம்மாவிடம் அவருடைய அம்மம்மாவின் பெயரைக் கேளுங்கள். அவருக்கு முந்தியவர் பெயர், எந்த ஊர், எந்தக் குடி, சீதனமாக வந்த வளவு எது, எந்தக் கோயிலில் எத்தனையாவது பூசை என்று கேட்டு எழுதுங்கள். தேதி போடுங்கள். சொன்னவர் பெயரையும் எழுதுங்கள். பெரும்பாலும் நான்காவது, ஐந்தாவது பெயரில் ஞாபகம் நின்றுவிடும். நின்ற இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு, அடுத்த வீட்டு அம்மம்மாவிடம் போங்கள்.